உருவம் ஒன்று, இனம் வேறு

விருத்தாசலத்திலிருந்து மேற்கே வேப்பூர் தாண்டி, நல்லூர், மங்களூர் வட்டாரங்களுக்குப் போகிறவர்கள் (இம்மங்களூர் கன்னட நாட்டுத் துறைமுகம் அன்று, நமது கடலூர் ஜில்லாவைச் சேர்ந்ததே) மானாவாரி நிலங்களில் மைல் கணக்கில் மக்காச்சோளம் நிற்பதைக் காண்பார்கள். 2018ஆம் வருஷம் நமது ராஜ்யத்தின் மக்காச்சோளக் கொல்லைகளில் ஒரு புழு புகுந்தது. அது இலையை ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு போகவில்லை. குருத்துக்குள்ளேயே குடியிருந்து, உள்ளிருந்து தின்று, மரத்தூள் போன்ற எச்சத்தை வெளியே தள்ளியது. குருத்து விரியும்போது இலை வரிசை வரிசையாகத் துளை விழுந்து கிழிந்து தொங்கிற்று. கடன் வாங்கி விதைத்தவன் மருந்துக்காக மறுபடியும் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

அந்தப் புழு எது என்ற கேள்விக்கு விடை காண்பது, அதைக் கொல்வதற்கு முந்திய காரியம். பார்வைக்கு அது நமது மல்லாட்டைக் கொல்லைகளில் வெகு காலமாய்த் திரியும் வெட்டுப்புழுவின் சாடையிலேயே இருந்தது. உண்மையிலும் இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகளே. ஆயினும் இது அமெரிக்கக் கண்டத்துப் பிராணி. 1797இல் ஸ்மித் என்ற இங்கிலீஷ்காரர், ஜார்ஜியா ராஜ்யத்து விட்டில்களைப் பற்றிய புத்தகத்தில் இதற்குப் பெயரிட்டார். இருநூறு வருஷத்துக்கு மேல் தன் கண்டத்தை விட்டு நகராதிருந்த இது, 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் ஷிமோகாவில் பிடிபட்டது. அவ்வருஷத்திலேயே நமது மக்காச்சோளத்திலும், கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தபடி தமிழ்நாட்டுக் கரும்பிலும் இருந்தது. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. படைப்புழு என்று நமது ஜனங்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தலையில் தலைகீழாய் நிற்கும் இங்கிலீஷ் ஒய் எழுத்துப் போன்ற வெள்ளைக் கோட்டையும், பின்னுடலில் சதுரமாய் நிற்கும் நான்கு கரும்புள்ளிகளையும் கொண்டு புழுவை அடையாளம் காணலாம் என்று விவசாய இலாகா துண்டுப் பிரசுரம் போட்டது. அது நல்ல காரியமே.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. அந்த ஒய் எழுத்தும் நான்கு புள்ளிகளும் கொண்ட புழுக்கள் எல்லாம் ஒரே இனந்தானா என்ற கேள்வி நாற்பது வருஷமாக அமெரிக்காவில் நடந்துவருவது. அது இப்போது நமது வரப்பிலும் வந்து நிற்கிறது. உருவத்தில் வேற்றுமையே தெரியாத இரண்டு மூன்று இனங்கள் ஒரே பெயரின் கீழ் ஒளிந்து வாழ்வது விட்டில் ஜாதியில் அபூர்வமன்று. பூச்சி சாஸ்திரத்தில் இவற்றை மறைந்த இனங்கள் என்கிறார்கள். இது பொழுதுபோக்காக இறகு எண்ணும் பண்டிதர்களின் சமாச்சாரம் என்று நேயர்கள் தள்ளிவிடலாகாது. இதனால் குடியானவன் மடியிலிருந்து போகும் பணம் எவ்வளவு என்பதை விருத்தாசலத்துச் சுற்றுப்புறப் பயிர்களைக் கொண்டே காட்டலாம்.

முதலில் சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொள்வோம். முதல் நல்ல மழை பெய்தவுடன், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய்க் கிடந்தவை இரவில் வெள்ளை விட்டில்களாக வெளிவந்து விளக்கை மொய்க்கும். சில நாட்களில் மல்லாட்டைக் கொல்லை மொட்டையாகிவிடும். இந்த வெள்ளை விட்டில்கள் ஒன்றல்ல, இரண்டு. முன்னிறகின் முன்னோரத்தில் மஞ்சள் கோடு இருந்தால் அது அம்சாக்டா அல்பிஸ்ட்ரிகா. சிவப்புக் கோடு இருந்தால் அம்சாக்டா மூரி. கொளுத்திய நெருப்பின் முன் இந்த வேற்றுமைக்குப் பொருள் இல்லை. சொக்கப்பனையில் இரண்டும் வேகும். புழுக்களைக் கையால் பொறுக்குவதற்கும், சால் தோண்டி அதில் விழச்செய்து அழிப்பதற்கும் இனம் பார்க்க வேண்டியதில்லை. ஆகையால் எல்லா இனபேதமும் குடியானவனுக்கு முக்கியம் என்று சொல்வது மிகையாகும். ஆனால் விட்டிலுக்கு வரும் நோய்க்கு அந்தப் பேதம் நன்றாய்த் தெரியும். 1968இல் அம்சாக்டா மூரியின் புழுவிலிருந்து அம்மை நோய்க் கிருமியை ஒத்த ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பூச்சிகளைத் தாக்கும் அம்மை வைரஸ்களில் மிகுதியாக ஆராயப்பட்டது அதுவே. இந்திய வயலில் பிறந்த அந்த வைரஸ் இன்று அந்தப் புழுவின் பெயராலேயே உலகமெங்கும் வழங்குகிறது.

வைரஸைச் சொன்னது காரணத்தோடுதான். நஞ்சு தெளிப்பதைக் குறைக்க வேண்டும் என்பவர்கள் எல்லோரும் இன்று சிபாரிசு செய்வன மூன்று. புழுவுக்கு நோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்று. ஆண் விட்டிலை மயக்கி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு. விட்டிலின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் சிறு குளவி மூன்று. இம்மூன்றும் இனம் பார்த்து வேலை செய்பவை. வெட்டுப்புழுவின் வைரஸைக் காய்ப்புழுவின் மேல் தெளித்தால் காய்ப்புழு சௌக்கியமாகத் தின்றுகொண்டிருக்கும். ஒன்றின் வாசனைக் குப்பியை மாட்டினால் மற்றொன்று வராது. கண்டதையெல்லாம் கொல்லும் பழைய நஞ்சுகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. நிலத்தையும் நீரையும் கெடுக்காத புது முறைகளுக்குச் சரியான பெயர் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. நாம் இந்த விஷயத்தை எழுதப் புகுந்ததற்கு இதுவே தலைமையான காரணம்.

மேலே சொன்ன வெட்டுப்புழுவின் சரித்திரமே இதற்கு நல்ல உதாரணம். நமது கிராமங்களில் இன்னும் சிலர் இதைப் புரோட்டீனியா என்கிறார்கள். விவசாய இலாகா ஊழியர்கள் கற்றுக்கொடுத்த அந்தச் சொல், சாஸ்திரத்தில் கைவிடப்பட்ட பிறகும் நமது குடியானவர் வாயில் தமிழ்ச் சொல்லாகவே தங்கிவிட்டது. இதற்கு முதலில் லிட்டூரா என்று பெயரிட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த பாப்ரீஷியஸ், வருஷம் 1775. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசம் இருந்தது. லின்னேயஸின் மாணாக்கரான டாக்டர் கோனிக் 1768இல் அங்கே வந்து சேர்ந்து, சோழமண்டலக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பல பாப்ரீஷியஸ் கையில் பெயர் பெற்றன. இவ்வாறு, சோழமண்டலக் கரையில் பிடிக்கப்பட்ட நமது பூச்சிகள், கப்பல் ஏறிப் போய்ப் பெயர் வாங்கி வந்தன.

பெயர் வந்தது, ஆனால் அந்தப் பெயருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். எகிப்தின் பருத்தியை அழிப்பதும், ஆப்பிரிக்கா முழுவதும் திரிவதும், இந்தியாவில் புகையிலையையும் ஆமணக்கையும் மல்லாட்டையையும் தின்பதும் எல்லாம் ஒரே புரோட்டீனியா லிட்டூரா என்றே வெகு காலம் எழுதிவந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் வியெத் என்ற பிரெஞ்சுக்காரர், மடகாஸ்கர்ப் பிரதேசத்து விட்டில்களை அறுத்துப் பார்த்து, ஆப்பிரிக்கப் பூச்சி வேறு, ஆசியப் பூச்சி வேறு என்று காட்டினார். இறகில் அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிறப்புறுப்பின் அமைப்பில் கிடைத்தது. அதுவரை எகிப்தில் நடந்த பரிசோதனையின் முடிவை நம் நாட்டிலும், நம் நாட்டுப் பரிசோதனையை எகிப்திலும் அப்படியே எடுத்தாண்டவர்கள், தாங்கள் ஒப்பிட்டது இரண்டு வேறு பிராணிகளை என்பதை அப்போதுதான் அறிந்தார்கள்.

பிறப்புறுப்பைக் கொண்டு இனம் பிரிப்பது ஏன் என்று சிலர் கேட்கலாம். இறகின் நிறம் மழைக்கும் வெயிலுக்கும் தீனிக்கும் தக்கபடி மாறும். ஆணும் பெண்ணும் கூடுவதற்கு அமைந்த உறுப்போ அப்படி எளிதில் மாறுவதன்று. அதில் வேற்றுமை தோன்றினால் கலப்பு நின்றுவிட்டது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். செய்யும் விதமும் சுலபமே. விட்டிலின் வயிற்று நுனியை வெட்டிக் காரப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து கடினமான பாகம் மட்டும் மிஞ்சும். அதைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் படம் வரைந்துகொள்ள வேண்டும். நமது காலேஜுகளில் எந்த மாணவனும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிகளுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே அச்சில் வார்த்து, ஒரே மெருகு பூசிய இரண்டு கோப்பைகளில் உள்ளே விரிசல் விழுந்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுண்டினால் ஓசை சொல்லிவிடும்.

இனி, காய்ப்புழு. துவரை, பருத்தி, தக்காளி, மல்லாட்டை என்று எதையும் விடாத இந்தப் பச்சைப் புழுவை நமது நாட்டில் அமெரிக்கன் காய்ப்புழு என்கிறார்கள். இதைவிட அநியாயமான பெயர் வேறில்லை. இது ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சொந்தமான பூச்சி. அமெரிக்காவில் இதை ஒத்த வேறோர் இனம் உண்டு. இரண்டும் ஒன்று என்று எண்ணப்பட்ட காலத்தில் ஒட்டிய பெயர் இன்னும் உதிரவில்லை போலும். 1953இல் காமன் என்ற ஆஸ்திரேலிய நிபுணர் தம் நாட்டுக் காய்ப்புழுக்களைத் தனித்தனி இனங்களாகப் பிரித்துக் காட்டினார். 1965இல் கானடாவைச் சேர்ந்த ஹார்டுவிக் உலகத்துக் காய்ப்புழுக்கள் அனைத்தையும் ஆராய்ந்து, பழைய உலகத்து ஆர்மிஜெராவையும் அமெரிக்காவின் ஜியாவையும் ஐயமறப் பிரித்தார்.

இந்தப் பிரிவினையால் யாருக்கு என்ன லாபம்? ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் ஆர்டு நதிப் பாசனத்தை நம்பி ஏற்படுத்திய பருத்திச் சாகுபடி 1974இல் குலைந்துபோயிற்று. அங்கே ஆர்மிஜெரா, டி.டி.டி. மருந்துக்கு அஞ்சாத வலிமையைப் பெற்றுவிட்டது. அதன் சாயலிலேயே இருக்கும் பங்டிஜெரா என்ற உள்நாட்டு இனமோ மருந்துக்குச் சாகும். வயலில் இருப்பது சாகிற இனமா, சாகாத இனமா என்று தெரிந்தவன் எந்த மருந்தை வாங்குவது என்று நிச்சயிப்பான். தெரியாதவன் ஒரு தெளிப்புக்கு மேல் இன்னொரு தெளிப்பாகத் தெளித்துக்கொண்டே இருப்பான். பிரேஜில் தேசத்தின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2013இல் அங்கே பருத்தியும் சோயாவும் பாழானபோது, புழுவைச் சோதித்தவர்கள் அது தம் நாட்டு ஜியா அன்று, கடல் கடந்து வந்த ஆர்மிஜெரா என்று கண்டார்கள். பழைய சேகரிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில், அது சில வருஷங்களுக்கு முன்னரே வந்து, ஜியாவின் வேஷத்தில் அவர்கள் கண்ணெதிரிலேயே பெருகியிருந்தது தெரிந்தது. சேகரித்து வைத்த பழைய பூச்சிகள் இல்லாதிருந்தால் இதுவும் தெரிந்திராது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. விருத்தாசலம் என்றால் நிலக்கடலைக்காரர்களுக்கு நினைவு வருவது அங்குள்ள விவசாய ஆராய்ச்சி நிலையமும், வி.ஆர்.ஐ. என்ற முத்திரையோடு அது வெளியிட்ட விதை ரகங்களும். அந்த நிலையம் கவனித்துவரும் மூன்று பயிர்கள் நிலக்கடலை, எள், முந்திரி. நிலக்கடலைக்கு ஒரு தலையாய சத்துரு சுருள் பூச்சி. அரிசி மணி அளவே உள்ள விட்டில். அதன் புழு இலையின் உள்ளே புகுந்து சுரண்டி, பிறகு இலைகளைச் சேர்த்து மடித்துக்கொண்டு உள்ளே இருக்கும். மழை தவறிய வருஷத்தில் கொல்லை முழுவதும் தீய்ந்தாற்போல் ஆகிவிடும். இந்த அற்பப் பிராணிக்கு நமது நாட்டுப் புத்தகங்களில் வழங்கிய பெயர்களை எண்ணினால் சிரிப்பு வரும். அனகாம்ப்ஸிஸ் நெர்ட்டீரியா என்றார்கள், ஸ்டோமாப்டெரிக்ஸ் என்றார்கள், அப்ரோயெரீமா மோடிசெல்லா என்றார்கள்.

முதற்பெயரை 1906இல் இட்டவர் மெய்ரிக். இங்கிலாந்தில் மார்ல்பரோ பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இன்னும் பல தேசங்களிலிருந்தும் தபாலில் வந்த சிறு விட்டில்களுக்கு, கையில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டே, பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இட்டவர். அவருடைய உழைப்பு மலைக்கத்தக்கது. ஆனால் பிறப்புறுப்பை அறுத்துப் பார்த்து வகை பிரிக்கும் முறையை அவர் கடைசி வரையில் ஏற்கவில்லை. 1938இல் அவர் காலமானபோது, அவர் விட்டுச்சென்ற பெயர்ச் சேற்றைக் கலக்கித் தெளியவைக்கும் வேலை பிறர் தலையில் விழுந்தது. அந்த மாதிரிகள் இருப்பது லண்டனில். நமது கொல்லையில் பிடித்த சிறு விட்டிலை மூலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் நம் மாணவன் அங்கே போக வேண்டும். அல்லது அங்கிருந்து படம் வரவழைக்க வேண்டும். அரசியல் சுதந்திரம் பெற்று எண்பது வருஷத்தை நெருங்கிய பிறகும் இந்த அடிமைத்தனம் நீடிப்பதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசக் காணோம்.

சுருள் பூச்சி 1998இல் ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் தலைகாட்டியதும், இந்தியாவிலிருந்து போனது என்று பலரும் பழி சொன்னார்கள். 2012இல் வெளிவந்த ஆராய்ச்சியில், தென்னாப்பிரிக்காவில் பிடித்த பூச்சியின் மரபணு எழுத்துக்கள் ஆஸ்திரேலியாவின் சோயா விட்டிலின் எழுத்துக்களோடு ஒத்துப்போயின. 1852இல் தென்னாப்பிரிக்காவிலிருந்தும், 1864இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும், 1904இல் ஜாவாவிலிருந்தும் தனித்தனிப் பெயர் பெற்ற விட்டில்கள் யாவும் ஒன்றே என்ற கருத்து இப்போது வலுத்துவருகிறது. ஒரு பெயருக்குள் இருவர் ஒளிந்திருந்தது முன் கதை. ஒருவனே பல பெயரோடு உலாவியது இக்கதை. பழி சுமத்துவதற்கும் சரி, பழியைத் துடைப்பதற்கும் சரி, பெயர் திருந்த வேண்டியிருக்கிறது.

மரபணு எழுத்துக்கள் என்றோம். 2003இல் கானடாவில் குவெல்ப் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹீபர்ட் ஒரு யோசனை வெளியிட்டார். பிராணிகளின் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உண்டு. அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவில் சுமார் 650 எழுத்துக்களை மட்டும் படித்தால், கடைச் சாமான்களின் கோட்டு முத்திரையைப் படிப்பதுபோல் இனத்தைச் சொல்லிவிடலாம் என்பது அது. மறு வருஷமே, மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா தேசத்தில் ஒரே இனமாக எண்ணப்பட்ட ஒரு துள்ளுப் பட்டாம்பூச்சிக்குள் பத்து இனங்கள் இருப்பதாக அவரும் சகாக்களும் எழுதினார்கள். வளர்ந்த பூச்சிகள் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும், புழுப் பருவத்தின் நிறமும் அவை தின்னும் செடியும் வெவ்வேறாக இருந்தன. பத்து என்ற கணக்கு மிகை என்று பிற்பாடு தர்க்கம் எழுந்தது. ஒன்றல்ல, பல என்பதை யாரும் மறுக்கவில்லை. அங்கே மரபணுச் சோதனை பலித்ததற்கு, வருஷக்கணக்காகக் காட்டில் புழுவைப் பிடித்து, எந்தச் செடியில் கிடைத்தது என்று எழுதிவைத்து, கூடு கட்டும்வரை வளர்த்தவர்களின் உழைப்பும் காரணம். யந்திரத்தைப் புகழ்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டவரும் இத்துறையில் பிறர் கையைப் பார்த்தே நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். கோயமுத்தூரில் ஸ்ரீ டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதி 1940இல் சென்னை சர்க்கார் வெளியிட்ட கைந்நூலை அறியாத விவசாயப் பட்டதாரி அக்காலத்தில் கிடையாது. பிற்காலத்தில் பெங்களூரில் நடந்த ஒரு வேலை உலகத்துக்கே வழிகாட்டியது. கரும்பின் இடைக்கணுப் புழு முதலியவற்றை அடக்க முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதைக் கரும்புக் குடியானவர்கள் அறிவார்கள். அந்த அட்டையில் இருப்பது டிரைகோகிரம்மா என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது. இதன் இனங்களைப் பிரிக்கத் தெரியாமல், அமெரிக்க இனத்தின் பெயரையும் ஐரோப்பிய இனத்தின் பெயரையும் நம் நாட்டுக் குளவிக்கு மாற்றி மாற்றி இட்டு வந்தார்கள். காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் பெங்களூர் நிலையத்தில் சுதா நாகர்கட்டி அம்மையாரும் எச். நாகராஜாவும் ஆண் குளவியின் பிறப்புறுப்பே நம்பத்தக்க அடையாளம் என்று 1971இல் நிரூபித்தார்கள். அன்று முதல் எல்லாத் தேசத்தாரும் அந்த முறையையே கைக்கொண்டார்கள்.

இனிப் படைப்புழுவுக்குத் திரும்புவோம். 1980களின் நடுவில் டாரதி பாஷ்லி அம்மையாரும் சகாக்களும் அமெரிக்காவில் இப்புழுவை ஆராய்ந்தபோது, மக்காச்சோளத்தில் பிடித்தவற்றுக்கும் நெல்லிலும் புல்லிலும் பிடித்தவற்றுக்கும் உள்ளமைப்பில் வித்தியாசம் கண்டார்கள். 1986இல் வெளியிட்ட கட்டுரையில், இது ஓர் இனமா, அல்லது உடன்பிறந்த இரண்டு இனங்களா என்று தலைப்பிலேயே கேள்வி எழுப்பினார் பாஷ்லி. சோள வகை, நெல் வகை என்று அன்றிலிருந்து பிரித்துப் பேசுகிறார்கள். புழுவிலும் விட்டிலிலும் கண்ணால் காணும் வேற்றுமை இல்லை. நடத்தையில் உண்டு. சோள வகை இரவின் முற்பகுதியில் கூடுகிறது. நெல் வகை இரவின் பிற்பகுதியில் கூடுகிறது. ஒரே வயலில் இருந்தாலும், ஒருவர் உறங்கப் போகும் நேரத்தில் மற்றவர் விழிக்கிறார் என்பது போல, அவை ஒன்றையொன்று பெரும்பாலும் சந்திப்பதில்லை. இவ்வளவு இருந்தும் கலப்பு முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆகவே இரண்டு இனம் என்று தீர்ப்புச் சொல்லச் சிலர் தயங்குகிறார்கள். இனம் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் தறுவாயை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வதே பொருந்தும்.

இந்தியாவுக்கு வந்தது எது? இங்கேதான் சிக்கல். மேலே சொன்ன மைட்டோகாண்ட்ரியா எழுத்தைப் படித்துப் பார்த்ததில், நம் நாட்டு மக்காச்சோளத்தில் பிடித்த மாதிரிகளில் பெரும்பாலானவை நெல் வகை என்றே வந்தது. நெல்லை நம்பி வாழும் நாட்டில் இது திகில் உண்டாக்கும் செய்தி. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. தந்தையின் சொத்து அதில் ஒரு காசும் இல்லை. பால் நிர்ணயிக்கும் குரோமோசோமிலுள்ள வேறொரு மரபணுவைப் படித்தபோது, அதே விட்டில்கள் சோள வகை என்று வந்தன. ஆப்பிரிக்காவிலும் இப்படியே கண்டார்கள். எப்போதோ நெல் வகைத் தாய்க்கும் சோள வகைத் தந்தைக்கும் நேர்ந்த கலப்பின் சந்ததி கடல் கடந்து வந்து பெருகியிருக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். தாய்வழிப் பெயரை மட்டும் கேட்டுக் குலத்தை நிச்சயித்தவர்கள் ஏமாந்தார்கள். இதுவரை நம் நாட்டில் இப்புழுவால் பெருநஷ்டம் அடைந்தது மக்காச்சோளமே என்பதும் இரண்டாம் சோதனையின் முடிவுக்கு ஒத்திருக்கிறது.

ஆயினும் கண்ணை மூடிக்கொள்ள இடமில்லை. உண்மையான நெல் வகை நாளைக்கு ஏதாவதொரு சரக்கோடு வந்து இறங்கினால் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? தலையில் அதே ஒய் எழுத்து. பின்னுடலில் அதே நான்கு புள்ளி. துண்டுப் பிரசுரத்தைப் பார்க்கும் ஊழியர், இது முன்னமே இருக்கும் படைப்புழுதான் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். பிரேஜிலில் நடந்தது அதுதான். விருத்தாசலத்தின் நிலை இவ்விஷயத்தில் விசேஷமானது. மேற்கே வேப்பூர்ச் சீமையில் மக்காச்சோளம். கிழக்கே ஸ்ரீமுஷ்ணம் கடந்து வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள இந்த ஊர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஓர் இரவில் பல மைல் பறக்கும் விட்டிலுக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே அன்று.

சட்டசபையிலும் கிராம சபைகளிலும் நமது நண்பர்கள் மருந்துக்கு மானியம் கேட்கிறார்கள். நஷ்ட ஈடு கேட்கிறார்கள். கேட்க வேண்டியதே. அதனோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். பூச்சி இனங்களைப் பிரித்தறியும் வேலைக்கென்றே படித்த ஆட்கள் நமது ஆராய்ச்சி நிலையங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையில் 2018இல் பூச்சிக் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது; குழந்தைகளும் பெரியவர்களும் போய்ப் பார்க்கிறார்கள்; சந்தோஷம். காட்சிக்கு வைப்பது வேறு, ஒப்பிட்டு நிச்சயிப்பதற்கு வைப்பது வேறு. பின்னதற்கு ஒரே இனத்தில் பல ஊர், பல பயிர், பல மாதத்து மாதிரிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். பார்வைக்கு அழகாயிராத பழுப்பு விட்டில்களே அதில் பெரும்பகுதியாக இருக்கும். கோனிக் முதலானவர்கள் அனுப்பியவற்றுள் இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் ஊசி குத்தியபடியே கோபன்ஹேகனில் இருப்பவை உண்டு. நமது வயல்களின் விளக்குப்பொறிகளில் ஒவ்வோர் இரவும் விழும் விட்டில்கள் காலையில் குப்பைக்குப் போகின்றன.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. விளக்குப்பொறி வைத்திருக்கும் குடியானவர் வாரத்துக்கு ஒரு நாள் விழுந்தவற்றில் சிலவற்றைச் சாராயப் புட்டியில் போட்டு, ஊர், தேதி, அருகிலுள்ள பயிர் இம்மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இட்டு வைத்தால் போதும். மசி கரைந்துவிடும், பென்சில் கரையாது. பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் விவசாய சங்கத்தாரும் அவற்றைச் சேர்த்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். வேப்பூரில் மக்காச்சோளத்தருகே பிடித்ததையும் ஸ்ரீமுஷ்ணத்தில் நெற்பயிரருகே பிடித்ததையும் ஒரே புட்டியில் கலக்கலாகாது. சோதனைக்கு அனுப்பும்போது இரண்டு மரபணுவையும் படித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். தாய்வழி எழுத்தை மட்டும் படித்து வரும் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.